இன்னும் ஓரடி பின்னால போங்க

எனக்குக் கோர்வையாக எழுத வராது. கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் போட்டோ கவரின் மேல் ஊர்ப் பேரும், எத்தனை பிரதி வேண்டும் என்பதும்தான். மறதியும் அதிகமாகிவிட்டது. அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறேன். மகள் கல்யாணம் எந்த மாதம் என்று கேட்டால் விரல்விட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகையால் முன்னே நடந்தது பின்னேயும் பின்னே நடந்தது முன்னேயும் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபமாக எழுதியிருக்கிறாளே என்று தோன்றினால், ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பென்னாகரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் படம் எடுக்க வந்த இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் நாற்பது வயசு இருக்கும். ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு மற்றவரிடம் சொன்னார்:

"இந்தம்மா வூட்டுக்காரர்தான் அந்தக் காலத்துல ஒகேனக்கல்ல கால் தவறி வுழுந்தவரு. கேமராவையே பாத்துக்கிட்டு, கவனமில்லாம இருந்துட்டாராம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக ஊரே சொல்வதைத்தான் சொன்னார். இலையை மடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் கால் தவறவில்லை. கவனமில்லாமலும் இல்லை. அவரை ஓரடி ஓரடியாகப் பின்னால் தள்ளினார்கள். கையால் இல்லை, வாயால். நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவள்.

எங்களிடம் இருந்தது இரண்டு கண் வைத்த பெட்டிக் கேமரா. கழுத்தில் தொங்கவிட்டு, மேல் மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து உள்ளே பார்க்க வேண்டும். சின்னக் கண்ணாடி ஒன்றில் ஆட்கள் வலது இடதாகத் தெரிவார்கள். அதைப் பார்க்கிறவருக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது, பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். ஒன்றும் வீணாகக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பார்.

கல்யாணம் என்றால் கூட்டமாக ஒரு படம் கட்டாயம். நாற்பது பேர், ஐம்பது பேர் நிற்பார்கள். போட்டோக்காரர் பின்னால் போகப் போகத்தான் அத்தனை பேரும் கண்ணாடிக்குள் வருவார்கள். பந்தலுக்குள் அவ்வளவு இடம் ஏது? பந்தலைத் தாண்டிப் போனால் எருக்குழி இருக்கும், சோறு வடித்த அடுப்பு தணலோடு இருக்கும், சுவரில்லாத கிணறு இருக்கும். எங்கள் பக்கத்தில் கிணறு இல்லாத தோட்டம் ஏது? படத்தில் யார் எந்தப் பக்கம் நிற்பது என்று சண்டை போடுகிறவர்கள், எடுக்கிறவன் எங்கே நிற்கிறான் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரு தடவை பளிச்சென்று எரியும் பல்பு அவர் முகத்துக்கு நேரே வெடித்துப் புருவம் கருகிப்போனது. பெண்ணின் தகப்பனார் ஓடி வந்தார். என்ன ஆச்சோ என்று வருகிறார் என நினைத்தேன். "கண்ணை மூடிட்டேங்க, இன்னொண்ணு எடுங்க" என்றார்.

கூட வேலை செய்தவர் தருமபுரியில் தனியாகக் கடை போட்டுக்கொண்டு போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. அதிலிருந்து நான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போக ஆரம்பித்தேன். எனக்குக் கூச்சம். வேற்று ஆண்கள் நிற்கிற இடத்தில் தலை நிமிர மாட்டேன். வேலை முடிகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் பல்பு எடுத்துக் கொடுப்பதும் சுருளை வாங்கி வைப்பதுமாக இருப்பேன். "போட்டோக்காரர் வூட்டம்மா ஊமையா?" என்று என் காதுபடவே கேட்டிருக்கிறார்கள்.

அப்போது நாங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கல்யாணத்துக்குப் போனோம். வழக்கம்போல் பெரிய கூட்டம். அவர் குனிந்தபடியே பின்னால் வந்துகொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் சோளத்தட்டுப் போர். போரைச் சுற்றி வந்து பார்த்தால் அவர் குதிகாலுக்கும் கிணற்றுக்கும் மூன்று முழம்கூட இல்லை. கத்த வேண்டும் என்று நினைக்கிறேன், சத்தம் வரவில்லை. ஓடிப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை முதுகில் கிழிந்தது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவரும் திரும்பி முறைத்தார். அப்புறம் கிணற்றைப் பார்த்தார். கோடையாதலால் தண்ணீர் எங்கோ அடியில் ஒரு தட்டளவு தெரிந்தது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே நான் ஒரு நூல் கயிறு வாங்கினேன். படத்தில் தெரியாமல் இருக்கட்டும் என்று வேலம்பட்டைச் சாயத்தில் நனைத்துக் கறுப்பாக்கினேன். ஒரு நுனியை அவர் இடுப்பு வாரில் பின்னால் கட்டுவேன், மறு நுனி என் கையில். ஒரு இழுப்பு என்றால் நில்லுங்கள். இரண்டு இழுப்பு என்றால் முன்னால் வாருங்கள். தளர்வாக விட்டால் போகலாம். இன்னொரு பழக்கமும் வைத்துக்கொண்டேன். அவர் படம் எடுக்கப் போகிற இடத்தில் முதலில் நான் செருப்பில்லாமல் நடந்து பார்ப்பேன். கல் ஆடுகிறதா, சேறா, பள்ளமா என்று என் காலுக்குத் தெரிந்த பிறகுதான் அவர் நிற்பார்.

ஆரம்பத்தில் அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு அவரே தேடுவார். "கயிறு எடுத்து வெச்சியா?" என்று பஸ் ஏறுவதற்கு முன்னால் கேட்பார். நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்க வேண்டியதில்லை, அவர் கண்ணாடியைவிட்டுத் தலை நிமிர வேண்டியதில்லை. நாலைந்து வருஷம் இப்படி வேலை செய்தோம். ஒரு கீறல் படவில்லை.

இனி ஆடிப் பதினெட்டைச் சொல்கிறேன். எழுபதோ எழுபத்தொன்றோ இருக்கும்.

நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆடிப் பதினெட்டு எங்களுக்குப் பண்டிகை இல்லை, வேலை நாள். அன்றைக்கு ஒகேனக்கல்லில் தலையாகத்தான் தெரியும். அந்த வருஷம் கல்யாணமான பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாண மாலையைக் காயவைத்துப் பத்திரமாக வைத்திருந்து, அன்றைக்கு ஆற்றில் விடுவார்கள். தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடுகிற நேரம். மாலை விடுவதைப் படம் எடுப்பது அப்போதுதான் பழக்கமாக வந்துகொண்டிருந்தது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மாலை விடுகிறவர்கள் ஆற்றைப் பார்த்து நிற்பார்கள். அவர்கள் முகம் படத்தில் வேண்டுமென்றால் எடுக்கிறவர் ஆற்றுக்குள் நின்று கரையைப் பார்த்து எடுக்க வேண்டும். வெள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் மற்ற போட்டோக்காரர்கள் பக்கவாட்டில் நின்று அரைமுகமாக எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இவர் மட்டும் நேர்முகமாக எடுப்பார். அந்தப் பேர் அவருக்கு இருந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் எங்களைக் கூப்பிட்டது. லாரி வைத்து ஊர் சனமாக வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் சரிகைத் துண்டு, வாய் நிறைய வெற்றிலை. அவர் சொன்னால்தான் அந்தக் கூட்டத்தில் உலை வைப்பார்கள்.

நான் காலையிலேயே இடத்தை நடந்து பார்த்துவிட்டேன். கரையை ஒட்டி ஒரு தட்டைப் பாறை. கணுக்கால் தண்ணீர். பாறையின் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. கோடு வரைக்கும் சொரசொரப்பு, காலை வைத்தால் நிற்கும். கோட்டைத் தாண்டினால் பாசி. அதற்கப்புறம் பாறை முடிந்து ஓர் ஆள் ஆழத்துக்குப் பிளவு, அதில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அவரிடம் சொன்னேன். "கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னா படத்துல பன்னெண்டு பேருக்கு மேல வராது. போதும்" என்றார். கயிற்றைக் கட்டினேன்.

அப்போதுதான் தாய்மாமன் பார்த்தார்.

"என்னாப்பா போட்டோக்காரரே, பின்னால வாலு மாதிரி தொங்குது?"

பக்கத்திலிருந்த ஒருவர் சொன்னார், "வாலு இல்லீங்க, மாட்டுத் தும்பு. அந்தம்மா ஓட்டிக்கிட்டு வந்திருக்குது."

"சந்தைக்கா? ஏம்மா, பல்லைப் புடிச்சுப் பாத்துத்தான் வாங்குனியா?"

லாரியில் வந்த சனம் மொத்தமும் சிரித்தது. பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"உழவுக்குப் பழக்கமாம்மா, வண்டிக்கா?"

"அவுத்து வுடும்மா, நாலு வாய் மேஞ்சிட்டு வரட்டும்!"

என் வீட்டுக்காரர் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் அவர் காது சிவந்து போயிருந்ததை நான் பார்த்தேன். கையைப் பின்னால் கொடுத்து முடிச்சை அவரே அவிழ்த்தார்.

"வுடு. இன்னைக்கு வேண்டாம்."

"தண்ணி பக்கமுங்க" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"பாத்துக்கறேன்னு சொல்றேன்ல. சும்மா நில்லு."

கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் பாறைமேல் ஏறினார். அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்பிள்ளையை நூறு பேர் நடுவில் மாடு என்று சொல்லிவிட்டு, அவன் கயிற்றை அவிழ்த்ததும் கவனமில்லாதவன் என்று சொல்கிறார்களே, அந்தக் கோபம் அதைவிடப் பெரியது.

பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார்கள். இவர் கோட்டுக்கு நாலடி முன்னால் நின்று கண்ணாடியில் குனிந்தார். எல்லாம் சரியாக இருந்தது. எடுத்திருக்கலாம்.

"இருங்க இருங்க, பொண்ணோட அத்தை வந்துட்டுது. அத்தையும் வரணும். இன்னும் ஓரடி பின்னால போங்க."

ஓரடி போனார்.

"அந்தக் கடைசியில பெரியவரு நிக்கறாரே, தலப்பா முழுசா தெரியுதா? தெரியலையா? அப்பறம் என்ன படம்? இன்னும் கொஞ்சம் பின்னால."

போனார்.

"பழத்தட்டு, தேங்காத் தட்டு எல்லாம் கீழ வெச்சிருக்குது பாருங்க, அதெல்லாம் வரணும். பின்னால போங்க, பின்னால போங்க, ஆறு என்ன புடிச்சுக் கடிக்கவா போவுது?"

அதற்கும் சிரித்தார்கள். அவர் குதிகால் வெள்ளைக் கோட்டின்மேல் இருந்தது.

எங்கள் பக்கத்தில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்ல மாட்டாள். ரேஷன் கார்டுக்கு வந்தவர் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்லச் சொல்வோம். நானும் அவரை அந்த நாள் வரை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கையில் கயிறு இருந்தது, ஆனால் மறு நுனியில் அவர் இல்லை. அருவி இரைச்சல், மேளம், சனக் கூச்சல். நான் கூப்பிட்டேன்.

"ஏனுங்க!"

மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. ஒருவர், "என்னம்மா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த நேரத்திலும் வெட்கம்! உயிர் போகிற நேரத்திலும் பெண்ணுக்கு வெட்கம்தான் முதலில் என்றுதானே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை, "ஏனுங்க, ஏனுங்க!" என்றேன். கூட்டத்தில் எத்தனை பெண்டாட்டிகள், எத்தனை ஏனுங்க. யாருக்கோ யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் நினைத்திருப்பார்.

"அவ்வளவுதான், இன்னும் ஒரே அடி!" என்றார் தாய்மாமன்.

சத்தமே கேட்கவில்லை. நின்ற இடத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். கேமரா பிடித்த கை மட்டும் ஒரு நொடி மேலே தெரிந்தது.

பக்கத்தில் பரிசல் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் குதித்தார்கள். பிளவில் தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போகாமல் ஒரு கல் இடுப்பில் முட்டித் தடுத்திருந்தது. அந்தக் கல்தான் உயிரைக் காப்பாற்றியது, அந்தக் கல்தான் எலும்பையும் முறித்தது. தூக்கி வரும்போது அவர் போட்ட சத்தம் கரை முழுக்கக் கேட்டது. கரையில் மீன் வறுத்து விற்கிற அக்கா ஒருத்தி தன் கடைக்குள் பாயை விரித்து, "இங்க கொண்டாங்க, இங்க கொண்டாங்க" என்றாள். அங்கே படுக்க வைத்தார்கள். வலது கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

தாய்மாமன் வந்தார். குனிந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்.

"கேமரா நனையலையே? எடுத்ததெல்லாம் வருமில்ல?"

நனையவில்லை. என் வீட்டுக்காரர் விழும்போதும் கையை உயர்த்திப் பிடித்திருந்தார். கேமராவைப் பரிசல்காரர் என்னிடம் கொடுத்திருந்தார்.

"ஒண்ணும் ஆகலை, சுளுக்குத்தான்" என்று தாய்மாமனே வைத்தியம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, உனக்கும் எடுக்கத் தெரியுமாமே. அருவி பக்கத்துல கூட்டமா ஒண்ணே ஒண்ணு எடுத்துரு. லாரி வெச்சு வந்ததே அதுக்குத்தான். நல்ல நாளும் அதுவுமா பொண்ணு மொகம் வாடிக் கெடக்குது பாரு" என்றார்.

ஸ்டூடியோவில் ஆள் இல்லாத நேரத்தில் நானும் படம் எடுப்பதுண்டு. பாயிலிருந்து என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "போ. எடுத்துக் குடுத்துட்டு வா."

போனேன். எடுத்தேன். முறிந்த காலோடு ஒரு மனுஷனை மீன் கடையில் போட்டுவிட்டு, அவன் பெண்டாட்டியை நிற்கவைத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள், அவளும் எடுத்தாள். இதை யாரிடமும் நான் இதுவரை சொன்னதில்லை. கண்ணாடியில் குனிந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டி ஒன்றும் தெரியவில்லை. குத்துமதிப்பாக அழுத்தினேன். அந்தப் படம் நன்றாகவே வந்துவிட்டது. வராமல் போயிருக்கலாம்.

திரும்பி வந்தபோது மீன் கடை அக்கா தாய்மாமனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"லாரியை எடுக்கச் சொல்லு. மனுசன் வலியில துடிக்கறான்."

"எடுக்காம என்ன? சோறு வெந்துக்கிட்டு இருக்குது. பந்தி முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணாத்தான் கெளம்பறோம்."

"பந்தியா? உன் பந்தியில முதலை வந்து உக்காரட்டும்! தின்னுட்டு வந்துதான் ஆளைத் தூக்குவியா?"

"ஏ, வாயை அடக்கிப் பேசு."

"நான் ஏன் அடக்கணும்? வாயை அடக்குன பொம்பளை அதோ நிக்கறா பாரு, அவளுக்கு என்ன கெடச்சுது?"

என்னைத்தான் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. வறுத்துக்கொண்டிருந்த மீனைச் சட்டியிலேயே விட்டுவிட்டு ஓடிப் போய், கிளம்ப நின்ற பஸ்ஸின் முன்னால் கையை விரித்து நின்றாள். கண்டக்டர் பின் சீட்டில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு இவரைக் குறுக்காகப் படுக்கவைத்தார். மலைப் பாதை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, அவர் என் கையைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து குத்தியது. பென்னாகரத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு கார் பிடித்துத் தருமபுரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்திருந்தது. காலில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டு மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். எலும்பு கூடியது. ஆனால் வலது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயசு.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது தாய்மாமன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்க வந்தார். நல்ல மனுஷர் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடச் சொன்னார்கள்.

"பாத்து நிக்கக் கூடாதுங்களா? கால் தவறிட்டீங்களே" என்றார்.

என் வீட்டுக்காரர், "ஆமாங்க, கால் தவறிட்டுது" என்றார்.

அன்றைக்குப் பிறந்தது அந்தப் பேச்சு. வந்தவர் அதை ஊருக்குக் கொண்டுபோனார், ஊர் பஸ்ஸில் ஏற்றியது, இன்று வரை நடமாடுகிறது. தாய்மாமன் போன பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று.

"வேற என்னான்னு சொல்லச் சொல்ற? பொண்டாட்டி கட்டுன கயித்தை நாலு பேர் சிரிச்சாங்கன்னு அவுத்தேன், அதனால வுழுந்தேன்னு சொல்லவா?"

"அதைத்தான் சொல்லணும்."

"நீ போய்ச் சொல்லு போ" என்று சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றார். காலில் மூட்டை தொங்கியதால் திரும்பவும் முடியவில்லை.

அடுத்த வருஷம் மறுபடியும் வெளியூர் வேலைக்குப் போக ஆரம்பித்தார். செருப்புக்காரர் வலது செருப்பின் அடியில் தடியாகத் தோல் வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். கயிறு என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. "அதைத் தொட்டா நான் தொழிலையே வுட்டுருவேன்" என்றார். எனக்குப் பகலெல்லாம் ஒரே நினைப்பு. நன்றாக இருந்த காலோடே விழுந்தவர், இந்தக் காலோடு இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார். எனக்கு வேறு வழி இல்லை, நான் வாயைத் திறந்தாக வேண்டும். நான் வீட்டில் தனியாக இருக்கும்போது, இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் பேரைச் சொல்லிப் பார்த்தேன். முதல் நாள் உதடுதான் அசைந்தது. திருட்டுத்தனம் செய்கிற மாதிரி இருந்தது. படம் கழுவுகிற மருந்துத் தட்டுகளுக்கு முன்னால் நின்று எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்தேன்.

பிறகு எங்கள் சனத்திலேயே ஒரு கல்யாணம். கோயில் வாசல் படியில் பெண், மாப்பிள்ளை, சாமியார், இரண்டு பக்கத்துச் சொந்தம். வாசலுக்கு எதிரே ரோடு. அவர் குனிந்தபடி பின்னால் வருகிறார். குட்டைக் கால் இழுக்கிறது. படியிலிருந்து யாரோ, "கோபுரத்துச் சிலுவையும் வரணும், இன்னும் பின்னால போங்க" என்றார்கள். ஒவ்வொரு ஊரிலும் இதைச் சொல்ல ஒரு வாய் இருக்கும்போல. வளைவில் கரும்பு ஏற்றிய லாரி திரும்புகிறது. அவர் ஒரு கால் ரோட்டில்.

நான் அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். "நில்லுங்க!" என்று.

அவர் நின்றார். லாரி காற்றில் அவர் சட்டை பறந்தது. கரும்புச் சோகை அவர் தோளில் உரசிக்கொண்டு போனது.

அதற்கப்புறம் படியில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். லாரியை ஒருவரும் பார்க்கவில்லை. "புருசன் பேரைச் சொல்லிக் கத்தறா பாரு" என்று ஒரு பெண் சொன்னாள். என் நாத்தனாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். "எங்கண்ணனுக்குக் கால் போனதும் இவளுக்கு வாய் வந்துட்டுது" என்றாள். நான் பையோடு ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது அவர் குட்டைக் காலை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்புடு. மேளம் அடிச்சா கேக்காது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் வேலையைவிடுகிற வரைக்கும் நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், ஏரிக் கரையில், கல் குவாரியில், சாவு வீட்டில் பாடை தூக்குகிற இடத்தில், எல்லா இடத்திலும். வீட்டில் மட்டும் "ஏனுங்க". அடங்காதவள் என்றார்கள். புருஷனை அதட்டுகிறவள் என்று எங்களை வேலைக்குக் கூப்பிடாத வீடுகளும் உண்டு. நாத்தனார் பத்து வருஷம் என்னோடு பேசவில்லை. அவர் மறுபடி விழவில்லை. கடைசியில் காய்ச்சலில் படுத்துத் தன் கட்டிலில் இறந்தார். எத்தனையோ போட்டோக்காரர்களுக்கு அந்தச் சாவு கிடைக்கவில்லை. ஒருவர் கரண்டு கம்பி உரசியும், ஒருவர் மாடிக் கைப்பிடி உடைந்தும் போனார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்களையும் கவனமில்லாதவர்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பந்தியில் பார்த்த அந்த இரண்டு பேருக்கும் சொல்கிறேன். நீங்கள் கேமராவில் கண்ணை வைத்திருக்கிற நேரத்தில் இன்னொருவர் உங்களுக்காகக் காலை வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஓர் ஆள் கூட இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள். பின்னால போங்க என்று சொல்கிறவரை முதலில் அங்கே போய் நின்று காட்டச் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

எனக்கு நிச்சயமில்லாதவை சில இருக்கின்றன. வருஷம் எழுபதா எழுபத்தொன்றா தெரியவில்லை. அந்த ஆடிக்கு மேலே அணை திறந்து வெள்ளம் வந்ததா, மழை வெள்ளமா என்பதும் நினைவில்லை. லாரியில் வந்தவர்கள் ஏரியூர்தானா, அதற்கு அந்தப் பக்கத்து ஊரா என்பதிலும் சந்தேகம். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறேன், குறைவாகவும் இருக்கலாம். அந்தப் பரிசல்காரர்களின் பிள்ளைகளோ, மீன் கடை அக்காவின் வீட்டாரோ ஒகேனக்கல்லில் இன்னும் இருப்பார்கள். தெரிந்தவர்கள் யாராவது அவர்களைக் கேட்டு, நான் தப்பாக எழுதியதைச் சரி பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.